எந்த விஷயத்தில் திரும்பவேண்டும்? – வாசகர் கடிதம்

அன்பான அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2011இல் ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றைக்கு அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதே கோபம், அதே பொய், அதே பண ஆசை. மாதாமாதம் திருவிருந்துக்கு முன்னால் அதையேதான் அறிக்கையிடுகிறேன். உண்மையாய் மனந்திரும்பினவன் பழைய பாவத்துக்குப் போகமாட்டான் என்று சபையில் சொல்கிறார்கள். அப்படியானால் அன்றைக்கு நான் திரும்பினது பொய்யா?

இன்னொன்று. முதல் அக்ரஹாரத்தில் சேர்ந்து கடை போடலாம் என்று மைத்துனர் கூப்பிடுகிறார். தேவசித்தம் தெரியவில்லை. மூன்று மாதமாக உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன். வேதத்தைத் திறந்து கண்ணில் படும் வசனத்தைப் பார்க்கிறேன். ஒருநாள் போ என்கிறது, மறுநாள் காத்திரு என்கிறது.

பி.கு: வீட்டில் வைத்து வேலை செய்து தரும் பெண்களிடம் சாமானைத் திரும்ப வாங்கும்போது, எடை குறைகிறது என்று சொல்லிக் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வதுண்டு. தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஆனாலும் ஜெபத்தில் உட்கார்ந்தால் அது வந்து நிற்கிறது.

பெயர் போடவேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு கேள்விகளுக்கும் பதிலை நீங்களே பின்குறிப்பில் எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிலுவைக்கு முந்தின கடைசி இரவில் இயேசு சீஷர்களின் கால் கழுவ வந்தபோது, அவர்களில் ஒருவரான பேதுரு முதலில் கூடாது என்கிறார். அப்புறம் கையையும் தலையையும் சேர்த்துக் கழுவும் என்கிறார். முழுகினவன் கால்களை மாத்திரம் கழுவினால் போதும் என்று பதில் வருகிறது. குளித்துவிட்டுத் தெருவில் நடந்தவன் காலில் புழுதி இருந்தால் அவன் குளித்தது பொய்யாகிவிடுமா? 1517இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதிய 95 வாசகங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். நீங்கள் மாதாமாதம் அறிக்கையிடுவதில் தவறில்லை. அறிக்கையிட்டுவிட்டு எழுந்துபோய் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. கோபம், பொய், பண ஆசை என்று மொத்தமாகச் சொன்னால் அழ வசதியாக இருக்கும். தெரு, வீடு, ஆள், தொகை என்று சொன்னால் அழுகை வராது, கூச்சம்தான் வரும்.

நீங்கள் வெள்ளிக்காரர், அதனால் வேதத்தில் மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகம் 3ஆம் அதிகாரத்தை எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். 'அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டுச் சுத்திகரித்துக்கொண்டிருப்பார்.' உருகின வெள்ளியில் தன் முகம் தெரிகிறவரை தட்டான் காத்திருப்பான் என்று இதை வைத்து ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதைதான், ஆனால் அது அந்த அதிகாரத்தில் இல்லை. இருப்பது வேறு. 3ஆம் வசனத்தில் புடமிட உட்கார்ந்தவர், 5ஆம் வசனத்தில் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாகச் சாட்சி சொல்ல வருகிறார். 7ஆம் வசனத்தில், என்னிடத்திற்குத் திரும்புங்கள் என்கிறார். அதற்கு ஜனங்கள், 'நாங்கள் எந்த விஷயத்தில் திரும்பவேண்டும்?' என்கிறார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி! 8ஆம் வசனம் காணிக்கை, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு). பிரசங்கத்தில் அங்கே போய் அரைமணி நேரம் நிற்பார்கள், 5ஆம் வசனத்தை அப்படியே தாண்டிவிடுவார்கள். அது என் பழைய வருத்தம், இருக்கட்டும்.

உங்களுக்கு எந்த விஷயம் என்று தெரியும். தராசு உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது.

என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால், வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா என்று தேவனிடம் கேட்க ஏற்காட்டுக்குப் போனேன். மூன்று நாள் உபவாசம். (போகிற வழியில் இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மனந்திரும்புதலுக்கு உவமையாக்கி ஏற்கெனவே நிறையப் பேர் பேசிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.) முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், வெளியே காப்பிச் செடிகள்மேல் மழை, எனக்கு நல்ல பசி. கண்ணை மூடினால் எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார் வருகிறார். பாத்ரூம் ஒழுகுகிறது என்று சொல்லி அவருடைய கடைசிக் கணக்கில் 4,500 ரூபாயை நான் கொடுக்காமல் விட்டிருந்தேன். இதைக் கேட்கவா மலையேறி வந்தேன் என்று எரிச்சல்தான் வந்தது. வேலையைப் பற்றிக் கேட்டேன், திரும்பவும் கொத்தனார். மூன்றாம் நாளும் அவரேதான்.

இறங்கி வந்து தேடினால் ஆள் வீடு மாறிவிட்டார். கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. பணத்தை எண்ணி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒழுகுதா சார்?" என்று கேட்டார். ஒழுகியது. மறுநாளே வந்து பார்த்துவிட்டு, பைப்பில் தப்பு, தன் பூச்சில் இல்லை என்று காட்டினார்.

வேலையை விடலாமா என்பதற்குப் பதில் அப்போதும் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து வரவு செலவு போட்டுப் பார்த்து, மனைவியோடு பேசித்தான் முடிவெடுத்தோம். அதுவும் நடத்துதல்தான் என்று இன்றைக்கு நினைக்கிறேன். நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் வானம் அடைத்துக் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. வேறொரு கேள்வி முதலில் நமக்காகக் காத்திருக்கலாம். 139ஆம் சங்கீதத்தின் முடிவில் தாவீது 'என்னை ஆராய்ந்து' என்று தொடங்கி, வேதனை உண்டாக்கும் வழி என்னிடத்தில் உண்டோ என்று பார்க்கச் சொல்லி, அந்த மூச்சிலேயே 'நித்திய வழியிலே என்னை நடத்தும்' என்கிறார். நீங்கள் பின்பாதியை மட்டும் ஜெபித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வேதத்தைத் திறந்து கண்ணில் படுவதை எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சீட்டு எடுக்கும் கிளி பாவம், அதற்காவது நெல் கிடைக்கும்.

பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு விஷயம். பண்டிகைக்குக் கொடுக்கிற மாதிரி புடவையும் ஸ்வீட்டுமாகக் கொடுத்துவிடாதீர்கள், அது தர்மம் ஆகிவிடும். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு அப்படிச் செய்யவில்லை, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, என்று கணக்குச் சொன்னான். உங்களிடம் எடை எழுதும் நோட்டு இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு போய், இது உன் கூலி, நான் பிடித்தது தப்பு என்று அந்தந்த வீட்டு வாசலில் சொல்லுங்கள். வேலை நாளிலேயே போங்கள். பழைய நோட்டு கிடைக்காத வருஷங்களுக்கு அவர்களையே கேளுங்கள், அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கடையைப் பற்றி அதற்கப்புறம் எழுதுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள், மைத்துனர் எவ்வளவு போடுகிறார் என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.