பழைய விக்கரேஜ் சுவரில் ஓதம்: ஊசி போடுவதற்கு முன்

கேள்வி: இங்கிலாந்தின் சஸெக்ஸில் ஒரு கிராமத்தில் பழைய விக்கரேஜ், அதாவது பாதிரியார் குடியிருந்த வீடு, ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கிரேடு டூ என்ற பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடப் பட்டியலில் உள்ளது. செங்கல் முகப்பு, 1790 வாக்கில் கட்டியது என்கிறார்கள். கீழ்த்தளத்தில் இடுப்பளவுக்கு ஓதம். ஈரம் மேலேறாமல் தடுக்கச் சுவரில் துளையிட்டு ரசாயன ஊசி போட்டு சிமென்ட் பூசினால் சரியாகிவிடும் என்று ஒரு கம்பெனி சொல்கிறது. ஜன்னல்களையும் டபுள் கிளேசிங், அதாவது இரட்டைக் கண்ணாடி, ஆக்க ஆசை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஊசியை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

முதலில் அந்த 1790-ஐ அப்படியே நம்பாதீர்கள். விக்கரேஜ் என்பது நம் ஊர் சிஎஸ்ஐ சபைகளில் குருமனை என்பார்களே, அதுதான். குருமார் தங்கள் பங்கின் வருமானத்தை அடமானம் வைத்து வீடு கட்டவோ பழுதுபார்க்கவோ 1776-இல் ஒரு சட்டம் வழிவிட்டது. அதன்பின் புதிதாகக் கட்டியவர்கள் உண்டு, பழைய மரச்சட்ட வீட்டை அப்படியே விட்டுவிட்டு முன்னால் மட்டும் செங்கல் முகப்பு எழுப்பிக்கொண்டவர்களும் உண்டு. எது உங்கள் வீடு? டார்ச்சோடு கூரைக்கடியில் ஏறிப் பாருங்கள். கைமரங்கள் கன்னங்கரேலென்று இருந்து, தேய்த்தால் விரலில் கரி ஒட்டினால், புகைபோக்கி வருவதற்கு முன்பு கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு மூட்டிய காலத்து வீடு அது. அப்படி ஒரு வீட்டைப் பார்க்க உங்கள் பக்கத்திலேயே ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்துப் பழைய குருமனை இருக்கிறது. பழங்கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு முதன்முதலில் வாங்கிய கட்டடம், 1896-இல், வெறும் 10 பவுண்டுக்கு. அங்கே கூடத்தின் தரை இடித்துக் கெட்டித்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் (சாக்), மேலே புளித்த பால் ஊற்றி இறுக்கியது!

இப்போது ஓதம். இந்தச் சுவர்களில் நடுவே இடைவெளி கிடையாது, முழுச்சுவர். மழை நனைக்கும், சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வெயிலிலும் காற்றிலும் திருப்பி விட்டுவிடும். யாரோ ஒருவர் இடையில் சிமென்ட் பூசியிருப்பார், அல்லது செங்கல் இணைப்புகளைச் சிமென்டால் அடைத்திருப்பார், அன்றிலிருந்து உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. அதன் மேல் இன்னொரு சிமென்டா? ஓதம் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் சுவரில் வைக்கும், பீப் அடிக்கும் மீட்டரும் மரத்தின் ஈரத்தை அளக்கச் செய்தது, சுவரில் உப்பு இருந்தாலே அது கத்தும். நீங்கள் ஒரு மழைநாளில் குடையோடு வெளியே நின்று, கூரைத் தண்ணீர் எங்கே வழிகிறது, தோட்டத்து மண் உள்தரையைவிட உயர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். பாதி வீடுகளில் நோய் அங்கேயேதான். மண்ணை இறக்கி, கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து, சிமென்டைச் சுவர் சிதையாமல் உரித்துவிட்டுக் காத்திருங்கள். காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் தோராயக் கணக்கு, அதனால் 9 அங்குலச் சுவருக்கு அவசரப்பட்டால் கதை ஆகாது. அப்புறம்தான் சுண்ணாம்புப் பூச்சு.

ஜன்னல்களைத் தொடவே தொடாதீர்கள். வெளியே நின்று கண்ணாடியில் எதிர்மரத்தின் பிம்பத்தைப் பாருங்கள், நெளிந்து தெரிந்தால் அது கையால் ஊதிய பழைய கண்ணாடி, போனால் போனதுதான். குளிர் பெரும்பாலும் சட்டத்து இடுக்கு வழியாகத்தான் வருகிறது, அதை அடைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஜன்னலின் இருபுறப் பலகைகளையும் தட்டிப் பாருங்கள், மடக்குக் கதவுகள் உள்ளே பெயின்ட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். போதாவிட்டால் உட்புறமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் வைக்கலாம், அதையும் பழங்கட்டடங்களைக் கவனிக்கும் கவுன்சிலின் கன்சர்வேஷன் ஆபீசரிடம் கேட்டுவிட்டு.

சட்டம் பற்றி ஒன்று மட்டும். பட்டியலிட்ட கட்டடத்தில் அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதியில்லாமல் செய்வது 1990 சட்டப்படி குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த வேலையைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸும் இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும், அதற்குக் காலக்கெடுவும் இல்லை. ஆகவே பின்பக்க நீட்டிப்பு, சமையலறை மாற்றம் என்று முன்பு ஏதாவது செய்திருந்தால் அதற்கு வாங்கிய அனுமதிக் கடிதங்களை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் வக்கீலை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.