555 புத்தகமும் எட்டாவது சீசனும்

வணக்கம் ஐயா,

போன மாதம் டிவி தொடர்களைப் பற்றி எழுதிய குறிப்பில், 'முதல் நாலு சீசன் போதும், மிச்சமெல்லாம் குப்பை என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நானும் தம்பியும் கேம் ஆஃப் திரோன்ஸ் என்கிற அமெரிக்கத் தொடரை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர்கள். எட்டாவது சீசன் முடிந்த அன்று தம்பி ரிமோட்டை நாற்காலியில் வீசிவிட்டு எழுந்து போனான். ஊரில் அம்மாவுக்கு எதிர்நீச்சல் சீரியல். குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்த பிறகு அதில் உயிரே இல்லை என்று அம்மாவே சொல்கிறார், ஆனாலும் இரண்டாம் பாகத்தையும் விடாமல் பார்க்கிறார். நல்ல கதையை நல்ல இடத்தில் நிறுத்த இவர்களுக்கு ஏன் மனசு வருவதில்லை? காசு ஒன்றுதான் காரணமா?

(பெயர் வேண்டாம்)
சுங்கை சிப்புட்டில் பிறந்து கோலாலம்பூரில் வேலை செய்பவள்

வணக்கம்மா,

காசு காரணம்தான். அமெரிக்காவில் ஒரு தொடர் 100 எபிசோடைத் தொட்டால்தான் மறு ஒளிபரப்புக்கு நல்ல விலை போகும் என்பது பழைய கணக்கு. தமிழ் சீரியலுக்கு வாராவாரம் டிஆர்பி. நன்றாக ஓடுகிறதை யாரும் நிறுத்தமாட்டார்கள். ஆனால் காசுக்காக நீண்டதெல்லாம் கெட்டுப்போகவில்லையே. மெட்டி ஒலி 800 எபிசோடைத் தாண்டியது. அதைக் குறை சொன்னால் என் அக்கா சண்டைக்கு வருவாள்.

தம்பியின் கோபமும் நியாயம்தான். ஆனால் ரிமோட்டை இரண்டு சீசன் முன்னாடியே எறிந்திருக்க வேண்டும்.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு சீனர் கடை இருந்தது. சம்பளம் வரும்வரை எல்லாம் கடன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் புத்தகம், அட்டையில் 555 என்று பெரிதாகப் போட்டிருக்கும். வீட்டுக்கு ஒன்று. தவுக்கே, அதாவது கடை முதலாளி, காதில் செருகிய பென்சிலை எடுத்து, அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று அவருக்கு மட்டுமே புரியும் எழுத்தில் குறித்துக்கொள்வார். சம்பளத்தன்று கூட்டிச் சொல்லும்போது வீட்டில் ரகளை நடக்கும். கடைசி வாரம் அம்மா வாங்கிய பருப்பையும் உப்பையும் அப்பா திட்டுவார். புத்தகத்தைப் புரட்டினால், மாதம் பிறந்து பத்து நாள்கூட ஆகாதபோது மாமா வந்தார் என்று வாங்கிய இரண்டு சார்டின் டின்னும் கேக்கும்தான் கணக்கை ஏற்றியிருக்கும். அன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் சாப்பிட்டோம்.

கேம் ஆஃப் திரோன்ஸின் சார்டின் டின் ஆறாவது சீசனில் இருக்கிறது. தொடரும், அதற்கு மூலமான நாவல்களில் ஐந்தாவதும் வந்தது ஒரே வருடம், 2011. அதற்குப் பிறகு ஆறாவது நாவல் வரவில்லை. 2016-இல் ஆறாவது சீசன் வந்தபோது கதை நாவல்களைத் தாண்டிப் போய்விட்டது. முதல் எபிசோடில் ராஜா தலைநகரிலிருந்து வடக்கே வந்து சேர ஒரு மாதம் ஆகிறது, ராணி அதைச் சொல்லிச் சலித்துக்கொள்கிறாள். அந்தத் தூரம்தான் அந்தக் கதைக்கே எடை. ஆறாவது சீசனில் பாருங்கள்: ஆர்யா என்கிற பெண்ணை வயிற்றில் பல தடவை குத்துகிறார்கள், கால்வாயில் விழுகிறாள், அடுத்த எபிசோடிலேயே சந்து சந்தாக ஓடிப் படிக்கட்டில் உருள்கிறாள். கடைசி எபிசோடில் வேரிஸ் என்கிற ராஜதந்திரி தெற்குக் கோடியில் ஒரு கிழவியோடு பேசுகிறார், கொஞ்ச நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து புறப்படும் கப்பலில் நிற்கிறார். அப்போது சில பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் அதே சீசனில்தான் அந்தப் பெரிய போர் வந்தது. நாம் கைதட்டினோம், எம்மியில் 12 விருது கிடைத்தது. நானும் ஆகா என்றவன்தான்.

அப்புறம் ஏழாவது சீசனுக்கு ஏழு எபிசோட், எட்டாவதுக்கு ஆறு. அதுவரை சீசனுக்குப் பத்து. கடனும் ஏறி, அடைக்கிற நாளும் குறைந்தால் என்ன ஆகும்? நாயகி டெனேரிஸ் கடைசியில் ஊரையே எரித்ததை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். அங்கே போய்ச் சேர ஒரு மாதப் பயணம் வேண்டும். அவளும் வேரிஸ் மாதிரி சட்டென்று போய் நின்றாள். கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஆறாவது சீசனைத் திரும்ப எடுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடனை அடைக்காமல் புத்தகத்தையே கிழித்துப் போட்டவர்களும் உண்டு. டல்லாஸ் என்கிற அமெரிக்கத் தொடரில் பாபி என்கிற பாத்திரம் 1985-இல் செத்துப்போனான், நடிகர் விலகிவிட்டார். ரசிகர்கள் அவன் வேண்டும் என்றார்கள். நடிகரும் திரும்பி வந்தார். எப்படி உயிர்ப்பிப்பது? 1986-இல் அவன் முன்னாள் மனைவி பேம் ஒரு காலையில் எழுகிறாள், குளியலறையில் பாபி குளித்துக்கொண்டிருக்கிறான். இடையில் ஓடிய ஒரு முழு சீசனும் அவள் கண்ட கனவாம்! ரசிகர்கள் கேட்டது கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் செத்தால் என்ன, யார் அழுதால் என்ன? தொடர் 1991 வரை ஓடியது. ரசிகர் ஆசைப்பட்டதைக் கொடுத்தும் கதையைக் கெடுக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

எதிர்நீச்சலுக்கு வருகிறேன். மாரிமுத்து 2023 செப்டம்பரில், அந்த சீரியலுக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது போனார். 'இந்தாம்மா ஏய்' என்கிற அந்தக் குரல் நம் ஊர் ஒட்டுக்கடைகளில்கூட ஒலித்த காலம். அப்புறம் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவரைத் திட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொருவர் போட்டுப் பழகிய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பவரிடம், அளவு சரியில்லை என்று தினமும் சொன்னால் எப்படி? அந்தக் கதை யாருடையது? ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி, நாலு மருமகள்களுடையது. அவர்கள் அந்த வீட்டில் குணசேகரனின் அதிகாரத்திலிருந்து வெளியே வருவதுதான் கதை. ஆனால் குணசேகரன் பேசினால் கூட்டம் கூடியது. அதனால் அந்தப் பெண்கள் வாசல்வரை வருவதும் திரும்ப அடுப்படிக்குப் போவதுமாக மாதங்கள் ஓடின. நாமும் அவர் அடுத்து என்ன திட்டுவார் என்றுதான் காத்திருந்தோம். அந்த மனிதர் இல்லாமல் போனதும் பழைய பாக்கி மொத்தமும் கண்ணில் பட்டது. சீரியலை இயக்கிய திருச்செல்வம் கெட்டிக்காரர், அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

இன்னொன்று. ஹேப்பி டேஸ் என்கிற அமெரிக்கத் தொடரில் ஃபான்ஸி என்பவன் தோல் ஜாக்கெட்டோடு நீர்ச்சறுக்குப் பலகையில் நின்று சுறாமீனைத் தாண்டிக் குதிப்பான், 1977-இல். ஒரு தொடர் எந்த இடத்தில் கெட்டது என்று சொல்வதற்கு 'சுறாவைத் தாண்டிவிட்டது' என்கிற பேச்சே அதிலிருந்துதான் வந்தது. அது 91-ஆவது எபிசோட். அதன் பிறகு இன்னும் 164 எபிசோட், 1984 வரை. பெயர் என்னவோ அந்தச் சுறாவுக்குத்தான் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் நாம் விரலை வைத்துவிடுகிறோம், என் அப்பா பருப்பில் வைத்த மாதிரி.

உங்கள் அம்மா ஏன் பார்க்கிறார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். எழுபது வயது, பால்மரம் வெட்டிய கை. இப்போது தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் மகன் வீட்டில், அஸ்ட்ரோ சாட்டிலைட் டிவியோடு இருக்கிறாள். அவளுக்கு சீசன் கணக்கெல்லாம் கிடையாது. யார் யாருக்கு என்ன பாக்கி என்பதுதான் கணக்கு. ஒரு சீரியலில் (பெயரைச் சொன்னால் பார்க்கிறவர்கள் கோபிப்பார்கள்) ஒரு மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் வளையலை அடகு வைத்தாள். அதற்குப் பிறகு கல்யாணம் இரண்டு நடந்தது, ஒருத்தி கோமாவுக்குப் போய் வந்தாள், வீட்டையே மாற்றிவிட்டார்கள். வளையலைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுதியவர்களுக்கே மறந்திருக்கும்.

அக்காவுக்கு மறக்கவில்லை. போன வாரம் பசியாறும்போது, "அந்த வளையலை மீட்டாளா இல்லையாடா?" என்று என்னிடம் கேட்டாள். நான் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒருவேளை அன்றைக்கு மழை பெய்து அஸ்ட்ரோ போச்சே, அப்ப மீட்டிருப்பாளோ" என்றாள்.