அறிவொளி: அறிவிப்பு நாளுக்குப் பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகப் பதிவு செய்து, எங்கள் ஊரில் மாலை வேளைகளில் சில பெண்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். என் அம்மா இளம் வயதில் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தின் தொண்டராக இருந்தவர். அந்த நாட்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் பெரியப்பாவோ, அன்று படித்தவர்களில் பலர் மறுபடியும் கைநாட்டுக்கே திரும்பிவிட்டார்கள் என்றும், அறிவொளி என்பது பாட்டும் ஊர்வலமுமாக முடிந்துபோன திருவிழா என்றும் சொல்கிறார். யார் சொல்வது சரி? சம்பளம் இல்லாமல் இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய முடியுமா?

ஒரு வாசகி
திருமயம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெரியப்பா சொல்லும் தகவல் உண்மைதான். ஆனால் அதிலிருந்து அவர் வந்துசேரும் முடிவை நான் ஏற்கவில்லை. கற்றவர்கள் மறந்துபோனதற்குக் காரணம் கற்பித்த விதமல்ல, கற்பித்த பிறகு நாம் விட்டுவிட்ட விதம் என்பதே என் உறுதியான எண்ணம்.

அறிவொளிக்கு முன்பும் முதியோர் கல்வி இருந்தது. 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டத்தில், ஒரு மையத்துக்குச் சுமார் 30 பேர் என்று கணக்கிட்டு, சிறிய மதிப்பூதியத்தில் ஒரு பயிற்றுநரை அமர்த்தினார்கள். பல ஊர்களில் அது வருகைப் பதிவேட்டில் மட்டும் நடந்த பள்ளியாக முடிந்தது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் உருவானது. மறு ஆண்டு எர்ணாகுளம் மாவட்டத்தில், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து முழு மாவட்டத்தையும் ஒரே களமாக எடுத்துக்கொண்டு, ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டே வேலையை முடித்தார்கள். 1990 பிப்ரவரியில் அது முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வழியைத்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து அறிவொளி என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எழுத்தறிவு பெற்றிருந்தவர்கள் 51.33 விழுக்காடு மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அந்த வேலையின் அளவு விளங்கும்.

பெரியப்பா குறையாகச் சொல்லும் பாட்டும் நாடகமும் அந்த வேலையின் முதல் படி. படிக்க வாருங்கள் என்று அரசாங்கம் சுவரில் எழுதி வைத்தால், அதைப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வருவார்கள்? கலைக்குழு ஊருக்குள் வந்து, கூலிக் கணக்கில் ஏமாற்றப்படுபவரின் கதையை நடித்துக் காட்டியபோதுதான், இது நம்முடைய விஷயம் என்று கூட்டத்தில் இருந்தவர்களுக்குப் பட்டது. அதன் பிறகு, பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், அந்தந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த தொண்டர்கள் வகுப்பை ஏற்றார்கள். அவர்களில் பலர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வீட்டில் இருந்த இளம்பெண்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையிலோ தெருவிளக்கின் அடியிலோ பாடம் நடக்கும். சின்னம்மாவோ அத்தையோ இரண்டு நாள் வரவில்லையென்றால், வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்து வருகிற உரிமை அந்தப் பெண்ணுக்கு இருந்தது. இந்த உரிமையைச் சம்பளம் கொடுத்து வாங்க முடியாது. தெருவுக்கொரு வகுப்பு என்பதால் ஊரின் சாதிக் கோடுகள் அப்படியே நின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கோடுகளைத் தாண்டிய வகுப்புகள் குறைவு.

புதுக்கோட்டையில் இது எழுத்தோடு நிற்கவில்லை. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் இயக்கத்தின் வேலையாகவே எடுத்துக்கொண்டார். ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தொண்டர்களுக்கு வண்டி வேண்டியிருந்தது. அவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக் கற்போரும் கேட்டார்கள். 1992 மார்ச் 8 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்டுகொண்ட வசதி. அதே காலத்தில், ஒப்பந்தக்காரர்களிடம் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புகளில் சேர்ந்த பெண்கள் சாராயக் கடைகளை எதிர்த்து எழுந்ததும் இதே ஆண்டுகளில்தான். இவற்றையெல்லாம் திருவிழா என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி, மறதிக்கு வருகிறேன். தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்திருந்த அளவுகோலின்படி, நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டுப் படிக்கவும், 5 சொற்களைச் சொல்லக் கேட்டு எழுதவும், நூறு வரை எண்களை அறியவும் முடிந்தவர் எழுத்தறிவு பெற்றவர். இந்த நிலையை மூன்று பாட நூல்களின் வழியே, ஏறத்தாழ 200 மணி நேரத்தில் எட்ட வேண்டும் என்பது திட்டம். நிமிடத்துக்கு 30 சொல் என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரின் வேகம். அந்த இடத்தில் நிற்பவருக்கு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அன்றாடம் எதையாவது படிக்கக் கிடைக்காவிட்டால், கற்றது கையைவிட்டுப் போய்விடும். இது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் தொடர்ந்து படிப்பதற்கான வளர்கல்வி மையங்கள் அதற்காகவே வகுக்கப்பட்டன. ஆனால் முழு எழுத்தறிவு மாவட்டம் என்ற அறிவிப்பைக் குறித்த நாளுக்குள் செய்துவிட வேண்டும் என்பதில் இருந்த வேகம் அறிவிப்புக்குப் பிறகு இல்லை. ஆட்சியர்கள் மாற்றலாகிப் போனார்கள், தொண்டர்களாக இருந்த பெண்கள் கல்யாணமாகி வேற்றூர் போனார்கள், பெரிய எழுத்தில் அச்சான சிறு நூல்கள் பல ஊர்களுக்குத் தொடர்ந்து வந்துசேரவில்லை. ஒரு தேதியை முடிவாக வைத்துக்கொண்டதுதான் அறிவொளியின் குறை என்று நினைக்கிறேன்.

ஊதியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓராண்டு முயற்சிக்கு ஊதியமில்லாத தொண்டர்கள் போதும். அவர்களைவிட நன்றாக வேறு யாரும் செய்யவும் முடியாது. ஆனால் அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு ஊரில் ஒரு நூலகத்தைத் திறந்து வைத்து, புதிதாகப் படிக்கத் தெரிந்தவருக்கு எட்டக்கூடிய நூலை எடுத்துக் கொடுக்கிற வேலையை, முறையான சம்பளம் பெறுகிற ஒருவர்தான் செய்ய வேண்டும். அதை ஒரு பெண்ணின் நல்ல மனத்திடம் இலவசமாகக் கேட்டுக்கொண்டே இருப்பது நியாயமல்ல.

உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் மதிப்பீட்டுத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியதும் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு மாலையாவது கூடுங்கள். நூறு நாள் வேலை அட்டை, வங்கிப் புத்தகம், மகளிர் குழுவின் கணக்கு நோட்டு, பிள்ளைகளின் பாடநூல் என்று வீட்டில் இருப்பதையே கொண்டுவரச் சொல்லி, அவர்களே படித்துச் சொல்லட்டும். உங்கள் அம்மாவிடம் அன்று கற்றவர்களில் யார் இன்னும் படிக்கிறார்கள், யார் விட்டுவிட்டார்கள் என்று பெயர் பெயராக விசாரித்து எழுதி வையுங்கள். தொடர்ந்து படிப்பவர்களின் வீட்டில் எது படிக்கக் கிடைத்தது என்பதையும் கேளுங்கள். உங்கள் வகுப்புக்கு அடுத்து எதை வாங்குவது என்பது அதிலிருந்தே தெரியும்.

அன்புடன்