பத்துமலைக்குப் போகலாம், தண்ணீரும் குடிக்கலாம்: மிஸ்ஸியிடம் சில கேள்விகள்

தைப்பூசத்துக்குப் பத்துமலை போக, சுங்கை சிப்புட்டில் கோயில் பஸ்ஸுக்குப் பேர் கொடுக்கும் நேரம். "இந்த வருஷம் நான் வரல மிஸ்ஸி" என்று நழுவுகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், பாதிப் பேர் சொல்வது ஒரே காரணம்: சிறுநீர் அடங்குவதில்லை. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளிடம் கேட்க வெட்கம் எதற்கு? கேட்டவர்களுக்குச் சொன்னது இது.

வயது 58. இருமினால், சிரித்தால் கசிகிறது. முதல் நாள் இரவே தண்ணீரை நிறுத்திவிட்டால் போதும்தானே?

போதாது அக்கா, அதுதான் தப்பு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுத்து, சிறுநீர்ப்பையை உறுத்தி, இன்னும் அவசரப்படுத்தும். மலச்சிக்கலும் சேர்ந்தால் முட்டிய குடல் பையை அழுத்தும். வாய் வாயாகக் குடித்துக்கொண்டே வாருங்கள். அன்றைக்கு நிறுத்த வேண்டியது தே தாரிக்கும் கோப்பி ஓவும்.

இன்றிலிருந்தே ஒரு பயிற்சி. நாலு பேர் நடுவில் காற்று பிரியாமல் அடக்குவோமே, அந்தத் தசையை மேல்நோக்கி இறுக்குங்கள். வயிற்றையும் தொடையையும் சும்மா விடுங்கள், மூச்சைப் பிடிக்க வேண்டாம். முதலில் 3 விநாடி, போகப் போக 10 விநாடி. 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். இருமல் வருகிற அந்த நொடியில் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வது மட்டும் சீக்கிரம் கைகொடுக்கும்.

எனக்கு இருமலெல்லாம் இல்லை. வீட்டுக் கதவில் சாவியைப் போட்டதும் வந்துவிடுகிறது. பஸ்ஸில் என்ன செய்வேன்?

இது வேறு வகை. பை நிறைவதற்கு முன்பே அதன் தசை சுருங்கிவிடுகிறது. பஸ்ஸில் ஆர் அண்ட் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடம்) பலகையைப் பார்த்ததும் இதே கதைதான் நடக்கும். உடனே எழுந்து ஓடாதீர்கள், ஓடினால் தோற்றீர்கள். உட்கார்ந்தபடியே அந்தத் தசையை ஐந்தாறு முறை வெடுக் வெடுக்கென்று இறுக்கி விடுங்கள். அலை தணியும், தணிந்ததும் மெதுவாக நடங்கள்.

முன்பக்கம், நடைபாதை ஓரத்து சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், தைப்பூச நெரிசல் வேறு. தாப்பாவிலும் உலு பெர்ணமிலும் நிறுத்த டிரைவரிடம் முன்பே பேசிவிடுங்கள்; வந்தாலும் வராவிட்டாலும் இறங்குங்கள். 272 படி ஏறுமுன் கீழேயே இன்னொரு முறை. பஸ் ஒத்துவராதென்றால் இடிஎஸ் ரயிலில் போங்கள், உள்ளேயே கழிப்பறை உண்டு.

மாதவிடாய் பேடு வைத்தால் போதாதா?

அது ரத்தத்துக்குச் செய்தது. சிறுநீர் சட்டென்று வரும், அதில் நிற்காது. சிறுநீர்க் கசிவுக்கென்றே பேடு விற்கிறார்கள். பெரிய 'பெம்பர்ஸ்' எல்லாருக்கும் தேவையில்லை. கைப்பையில் இரண்டு பேடு, ஒரு உள்பாவாடை, ஈரத்தைப் போட ஜிப் பை. கறுப்புப் பாவாடை கட்டுங்கள். ஒரு பயணத்தில் வெளிர் ரோஸ் சேலை கட்டி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்பாவுக்குச் சிறுநீரைக் கூட்டுகிற நீர் மாத்திரை. பயணத்தன்று கொடுக்காமல் விடலாமா மிஸ்ஸி?

நீங்களாக விடாதீர்கள் தம்பி. நேரத்தை மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், சிலருக்கு மாற்றித் தருவார்கள். இனிப்பு நீர் இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை ஏறினாலும் அடிக்கடி போகும்.

ஆம்பளை, 66 வயது. முக்கி முக்கித்தான் வருகிறது, அப்புறம் சொட்டுகிறது.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி காரணமாக இருக்கலாம் அண்ணே. பயணத்துக்கு முன்னே டாக்டரைப் பாருங்கள். பஸ் ஏசிக்குச் சளி பிடிக்குமென்று கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், சில சளி மாத்திரைகள் சிறுநீரை அப்படியே அடைத்துவிடும். அடைத்து வயிறு உப்பினாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, காய்ச்சலோடு எரிந்தாலோ, கால் திடீரென மரத்துப்போனாலோ பத்துமலை அடுத்த வருஷம்; அன்றைக்கு நேரே ஆஸ்பத்திரி.