40,000 கோடி நட்சத்திரம் இருக்கு, செய்யறதுக்கு என்ன இருக்கு?

ஸ்பேஸ் சிம், அதாவது விண்கலம் ஓட்டற கேம் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு சொல்லியிருந்தோம், வந்ததுல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், வார்த்தை மட்டும் வேற வேற. அதனால முதல் கேள்விக்கு கொஞ்சம் நீளமா பதில், மத்ததுக்கு தேவைக்கு ஏத்த மாதிரி.

கேள்வி: எலைட் டேஞ்சரஸ் ஆரம்பிச்சு சில மாசம் ஆச்சு. செம ஆழமான கேம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா நான் பண்றது சரக்கு ஏத்தறது, ஜம்ப் பண்றது, இறக்கறது, காசு சேர்த்து பெரிய கப்பல் வாங்கி அதுல இன்னும் நிறைய சரக்கு ஏத்தறது, அவ்ளோதான். அரைச்ச மாவையே அரைக்கிற மாதிரி இருக்கு. நிஜமாவே ஆழம் இருக்கா, இல்ல வெறும் கிரைண்டா, அதாவது எதையாவது சேக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப பண்றதா?

ரெண்டும் இருக்கு, ஆனா ஒரே இடத்துல இல்ல, உங்க பிரச்சனையே அதுதான்னு நினைக்கறேன்.

கப்பல் ஓட்டறதுல ஆழம் இருக்கு. சூப்பர்குரூஸ்ல, அதாவது ஒரு நட்சத்திர மண்டலத்துக்குள்ள அதிவேகமா போற மோட்ல, ஒரு ஸ்டேஷனை நோக்கி போறீங்க, பக்கத்துல இருக்கற கோளோட ஈர்ப்புக்கு ஏத்த மாதிரி உங்க வேகம் மாறிக்கிட்டே இருக்கும், போய்ச் சேர்ற நேரம் 7 செகண்ட்னு காட்டும்போது த்ராட்டிலை 75 சதவீதத்துக்கு இறக்கினா சரியா போய் நிப்பீங்க, மறந்துட்டா தாண்டிப் போய் ஒரு பெரிய வட்டம் அடிச்சுட்டு வரணும். அப்புறம் கோளுக்குப் பின்னாடி சுத்தி வந்தா வேகம் தானா குறையும்ங்கறதை நீங்களே கண்டுபிடிப்பீங்க, கப்பலை தானா நிலைப்படுத்தற ஃப்ளைட் அசிஸ்டை ஆஃப் பண்ணிட்டு கப்பல் ஒரு பக்கம் நகர மூக்கு வேற பக்கம் திரும்ப சண்டை போட பழகுவீங்க, நியூட்ரான் நட்சத்திரத்தோட கூம்புக்குள்ள நுழைஞ்சு அடுத்த ஜம்ப்போட தூரத்தை நாலு மடங்கா ஆக்கிக்கற வித்தை வரும், அதுல ஒவ்வொரு தடவையும் ஜம்ப் பண்ற இன்ஜினான டிரைவ் கொஞ்சம் அடி வாங்கும்ங்கறதால எத்தனை தடவை தாங்கும்னு கணக்கும் போடணும். இதெல்லாம் திரும்பத் திரும்ப பண்றதுதான், ஆனா போன தடவையை விட இந்த தடவை உங்களுக்கு கூட ஏதோ தெரியும். அது இருக்கற வரைக்கும் நான் கிரைண்ட்னு சொல்ல மாட்டேன்.

இப்ப அதே கேம்ல இன்ஜினியர்ஸ்னு ஒரு சமாச்சாரம், 2016ல வந்துச்சு. கப்பலோட பாகங்களை மேம்படுத்த மெட்டீரியல் பொறுக்கிட்டு வரணும். ஆரம்பத்துல அதையும் கொண்டு போய் கொடுத்தா என்ன வரும்ங்கறது லாட்டரி மாதிரி, இருக்கறதை விட மோசமாவும் வரலாம், 2018ல அதை மாத்தி ஒவ்வொரு தடவையும் முன்னேற்றம்தான்னு ஆக்கினாங்க. ஆனா பொறுக்கற வேலை போகல. அதுக்கு பிளேயருங்க கண்டுபிடிச்ச வழி என்ன தெரியுமா? ஒரு இடத்துல இருக்கற மெட்டீரியலை அள்ளிட்டு மெயின் மெனுவுக்கு வெளிய போய் திரும்ப உள்ள வந்தா எல்லாம் திரும்ப அங்கயே கிடக்கும், திரும்ப அள்ளு, திரும்ப வெளிய போ. விளையாடறதுக்காக கேமை விட்டு வெளிய போய்ட்டு வர்ற நிலைமை. இதுல நீங்க எடுக்கற முடிவு ஒண்ணு கூட இல்ல, என்ன கிடைக்கும்னு முன்னாடியே தெரியும், கடிகாரம் மட்டும்தான் பாக்கி. நல்லவேளை, 2024ல இதை நிறைய குறைச்சுட்டாங்க.

சரக்கு வியாபாரம் இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஒண்ணு. முதல்ல எந்த ஊர்ல எது மலிவுன்னு தேடும்போது நல்லாத்தான் இருக்கும், நல்ல ரூட் ஒண்ணு சிக்கின அன்னிக்கு அந்த சுவாரசியம் செத்துப் போயிடும், ஏன்னா அதுக்கப்புறம் யோசிக்க எதுவும் இல்ல. 1984ல டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பண்ண முதல் எலைட்டும் இதே சரக்கு ஓட்டற கேம்தான், 32 கேபி மெமரி இருந்த பிபிசி மைக்ரோல 8 கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 கோள். ஆனா அதுல கையில 100 கிரெடிட்தான், லேசர் வாங்கவா சரக்கு வாங்கவான்னு நிஜமாவே தவிக்கணும், ஒரு கொள்ளைக்காரன் கிட்ட மாட்டினா மொத்தமும் காலி. இப்ப எலைட் டேஞ்சரஸ்ல கப்பல் போனா இன்ஷூரன்ஸ்ல 5 சதவீதம் கட்டி திரும்ப வாங்கிக்கலாம், காசு பெருகப் பெருக அந்த பயம் போயிடுது, பயம் போனா சரக்கு ஓட்டறது வெறும் டிரைவிங் வேலைதான். பெரிய கப்பலுக்கு சேக்கறதை கொஞ்ச நாள் நிறுத்திட்டு சின்ன கப்பல்ல எக்ஸ்ப்ளோரேஷன் போய்ப் பாருங்க. அதுவும் போரடிச்சா தப்பு உங்க மேல இல்ல, இந்த கேம் உங்களுக்கு இல்ல, விடுங்க.

கேள்வி: நோ மேன்ஸ் ஸ்கைல கோடிக்கணக்கான கோள் இருக்காமே, அப்ப அதுதானே இருக்கறதுலயே ஆழமான கேம்?

கோடிக்கணக்கெல்லாம் இல்லங்க, 2ஐ 64 தடவை பெருக்கினா வர்ற எண், சுமாரா 1.8 லட்சம் கோடி கோடி. ஒரு ஃபார்முலாவுக்கு விதை எண்ணைக் கொடுத்தா கோள் வந்து விழுது, எத்தனை எண் இருக்கோ அத்தனை கோள், அதை யாரும் உக்காந்து வரையல. எலைட்ல இருக்கற 40,000 கோடி நட்சத்திர மண்டலத்துலயும் பெரும்பகுதி இப்படித்தான், வானியல்ல நிஜமா தெரிஞ்ச நட்சத்திரங்களை மட்டும் தகவலோட சேர்த்துட்டு மத்ததை கணக்குப் போட்டு நிரப்பிட்டாங்க. சில டஜன் கோள் பாத்ததும் நம்ம மூளை அந்த ஃபார்முலாவைப் பிடிச்சுடும், சரி இது விஷக்காத்து கோள், செடி இப்படித்தான் இருக்கும், கவசத்துக்கு சோடியம் தேடணும்னு இறங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். 2016 ஆகஸ்ட்ல வந்தப்ப வாங்கின திட்டுக்கு பாதி காரணம் இதுதான். அப்புறம் வருஷக்கணக்கா இலவசமா அப்டேட் கொடுத்து பேஸ் கட்டறது, நண்பர்களோட விளையாடறது எல்லாம் சேர்த்து ரொம்ப நல்ல கேமா ஆக்கிட்டாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது அகலமா ஆச்சு, ஆழம் கொஞ்சம்தான் கூடுச்சு. சும்மா சுத்திப் பாக்கணும், நாலு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கணும்னு நினைக்கறவங்களுக்கு அதுவே போதும், அதுல என்ன தப்பு.

கேள்வி: நிறைய பேர் சேர்ந்து ஒரே உலகத்துல விளையாடற ஈவ் ஆன்லைன்ல சும்மா பாறையை லேசர்ல சுட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க, அதைப் போய் ஆழம்னு சொல்றது ஏன்?

அந்தப் பாறையை மட்டும் பாத்தா உலகத்துலயே போரான கேம் அதுதான், ஒத்துக்கறேன். அந்தத் தாது எங்க போகுதுன்னு பாருங்க. அங்க பறக்கற கப்பல்ல ஏறக்குறைய எல்லாமே பிளேயருங்க தோண்டி, உருக்கி, கட்டினது, அதனால ஒரு கப்பல் வெடிச்சா யாரோட உழைப்போ நிஜமா அழியுது. 2014 ஜனவரில பி-ஆர்5ஆர்பிங்கற மண்டலத்துல நடந்த சண்டையைப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. ஆரம்பம் என்னன்னா ஒரு கூட்டணி தன்னோட இடத்துக்குக் கட்ட வேண்டிய பில்லு கட்டப்படல, உரிமை பறிபோச்சு, எதிரி உள்ள புகுந்துட்டான். 21 மணி நேரம் சண்டை, கேம்லயே பெரிய கப்பலான டைட்டன் 75 அழிஞ்சுச்சு, நிஜக் காசுல மதிப்பு போட்டா 3 லட்சம் டாலர் கிட்ட வரும்னு சொன்னாங்க. கூட்டம் தாங்காம சர்வர் கேமோட நேரத்தையே பத்துல ஒரு பங்கா மெதுவாக்கித்தான் ஓட்டுச்சு. பில்லு கட்டாததுக்கு ஒரு போரே நடக்கற கேம்ல மத்த மனுஷங்கதான் ஆழம், கோடு எழுதினவங்க வெறும் களம் போட்டுக் கொடுத்தாங்க. தனியா விளையாடறதுன்னா அந்தப் பக்கம் போகாதீங்க, உங்களுக்கு பாறை மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. அங்க ஸ்கில் எல்லாம் நிஜ நேரத்துல ஏறும், நீங்க தூங்கினாலும் ஏறும், 2016ல இருந்து அதையே ஊசி மாதிரி வாங்கிப் போட்டுக்கலாம்னு ஆச்சு. காத்திருக்க வைக்கறதும் அவங்க, காத்திருக்காம இருக்க வழி பண்றதும் அவங்கன்னா, அந்தக் காத்திருப்பு கேமுக்காக இருக்கா கல்லாவுக்காக இருக்கான்னு கேக்கத் தோணுமா தோணாதா?

கேள்வி: தனியாத்தான் விளையாடுவேன், ஆனா நான் பண்றது அந்த உலகத்துல எதையாவது மாத்தணும். எது?

எக்ஸ்4 ஃபவுண்டேஷன்ஸ். ஜெர்மனிக்காரங்க பண்ணது, 2018. இதுல கப்பல் சும்மா தோன்றாது, கட்டற இடத்துக்கு ஹல் பார்ட்ஸ் (கப்பலோட உடல் பாகம்) வந்தாத்தான் கட்டுவாங்க, ஹல் பார்ட்ஸுக்கு சுத்திகரிச்ச உலோகம், கிராஃபீன், எனர்ஜி செல் மூணும் வேணும். எங்கயோ ஒரு சுத்திகரிப்பு ஆலையை எதிரி அழிச்சா சில மணி நேரம் கழிச்சு வேற மூலையில ஒரு நாட்டோட படை இளைச்சுப் போய் நிக்கும், அந்தத் தட்டுப்பாட்டுல நீங்க ஒரு ஃபேக்டரி போட்டா காசும் உங்களுக்கு, போரோட போக்கும் உங்க கையில. முதல் 20 மணி நேரம் மெனு மெனுவா தடவிக்கிட்டு இருக்கணும், பொறுமை வேணும்.

கேள்வி: கிரைண்டே இல்லாத ஸ்பேஸ் கேம்னு ஒண்ணு உண்டா?

நாமளே ராக்கெட் கட்டிப் பறக்க விடற கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராம், சாண்ட்பாக்ஸ் மோட். (கேரியர் மோட்ல சயின்ஸ் பாயிண்ட் பொறுக்கற வேலை வரும், அதைத் தொடாதீங்க.) எல்லா பாகமும் முதல் நாளே திறந்து கிடக்கும், சேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனாலும் உங்களால எங்கயும் போக முடியாது, ஏன்னா உங்களுக்குத் தெரியாது.

ரெண்டு கப்பலை சுற்றுப்பாதையில சேர்த்துப் பாருங்க. உங்க டார்கெட் அதே பாதையில கொஞ்சம் முன்னாடி போகுது, பிடிக்கணும்னா முன்னாடி வேகம் கொடுக்கணும்னுதான் யாருக்கும் தோணும். கொடுத்தா உங்க பாதை பெருசாகி, ஒரு சுத்து வர நேரம் கூடி, இன்னும் பின்தங்கிப் போவீங்க. பிடிக்கணும்னா பிரேக் அடிக்கணும், கீழ இறங்கினாத்தான் சீக்கிரம் சுத்துவீங்க. இது கேம்காரங்க வச்ச விதி இல்ல, 1965 ஜூன்ல நாசாவோட ஜெமினி 4 விண்கலத்துல போன ஜேம்ஸ் மெக்டிவிட் தன்னோட ராக்கெட்டின் கழண்ட மேல்பகுதி கிட்ட போகறதுக்காக அதை நோக்கியே உந்திப் பாத்தார், அது விலகி விலகிப் போச்சு, எரிபொருள் கரையுதுன்னு கைவிட வேண்டியதாப் போச்சு. அதே வருஷம் டிசம்பர்ல ஜெமினி 6ஏ சரியா கணக்குப் போட்டு ஜெமினி 7 பக்கத்துல போய் நின்னுச்சு. நாசாவுக்கே பாடம் எடுத்த விஷயத்தை நீங்க வீட்டுல உக்காந்து நாலு கப்பலை எரிச்சுக் கத்துக்கறீங்க, கத்துக்கிட்டது கப்பல்ல இல்ல, உங்க மண்டையில இருக்கு, சேவ் ஃபைல் போனாலும் அது போகாது.

கேள்வி: ஸ்டார் சிட்டிசன் எப்ப முடியும்?

2012ல மக்கள்கிட்ட காசு கேட்டு ஆரம்பிச்சாங்க, 70 கோடி டாலருக்கு மேல வந்துடுச்சு, இன்னும் ஆல்ஃபாதான், அதாவது முடியாத சோதனைப் பதிப்பு. அடுத்த கேள்வி.

கேள்வி: எலைட்ல ஒருத்தர் சாட்ல சொன்னார், ஆல்ஃபா சென்டாரில ஹட்டன் ஆர்பிட்டல்ங்கற ஸ்டேஷனுக்குப் போனா அனகோண்டாங்கற பெரிய கப்பல் ஃப்ரீயாமே. உண்மையா?

இல்ல. புதுசா வர்ற எல்லாருக்கும் சொல்ற பழைய பொய் அது. ஜம்ப் பண்ணா முக்கிய நட்சத்திரத்துக்கிட்டதான் இறக்கி விடும், அங்கருந்து ஸ்டேஷன் 0.22 ஒளியாண்டு, பழைய டிரைவ்ல நேரா மூக்கை வச்சுட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல சும்மா உக்காந்திருக்கணும். முடிவு எடுக்க எதுவும் இல்ல, பரிசும் இல்ல, நான் மேல சொன்ன கணக்குப்படி பாத்தா இதுதான் படு மோசமான கிரைண்டா இருக்கணும், ஆனா பொய்னு தெரிஞ்சும் ஆயிரக்கணக்கானவங்க போயிருக்காங்க, போய்ட்டு வந்து பெருமையா வேற சொல்லிக்கறாங்க, அதுக்கு எங்கிட்ட விளக்கம் இல்ல. அங்க ஹட்டன் மக்னு ஒரு குவளை விப்பாங்க, வேற எங்கயும் கிடைக்காது. போறதுன்னா சரக்கு ரேக்ல கொஞ்சம் இடம் விட்டுட்டுப் போங்க.