கெமிஸ்ட்ரியை விட வேண்டாம் சார்

சார், மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிக்கப் போகிறாள், ரத்தத்தில் இருக்கும் குட்டி ஆர்.என்.ஏ.வை வைத்து நோயைக் கண்டுபிடிக்கிற சென்சார் என்று ஏதோ சொல்கிறாள், பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பி.எட். எங்கேயும் ஓடிவிடாது.

அவள் சொல்வது மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ.வின் வேதி எழுத்துகளில் சுமார் 22 எழுத்து நீளமே உள்ள துணுக்கு. 1993ல் ஒரு சின்னப் புழுவில் கண்டதற்குத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் மைஆர்-122 என்ற துணுக்கு ஏறும். அதைப் பிடிக்க, தங்க மின்முனையில் அதனோடு ஜோடி சேரும் டி.என்.ஏ. இழையை ஒட்டி வைப்பார்கள். துணுக்கு வந்து சேர்ந்தால் மின்னோட்டம் மாறும். வீட்டில் சுகர் பார்க்கும் மெஷினும் மின்வேதியியல்தான், ஆனால் சர்க்கரை மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது, இங்கே ஃபெம்டோமோலார் வரை இறங்க வேண்டியிருக்கும், அதாவது லட்சம் கோடி மடங்கு குறைவு. போதாததற்கு லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. குடும்பத்தில் ஒரே ஓர் எழுத்து மாறிய துணுக்குகள் வேறு உண்டு, மாற்றிப் பிடித்தால் ரிசல்ட்டே தப்பு. அதனால்தான் இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்திலேயே இருக்கிறது. படித்ததும் இதிலேயே கம்பெனி வேலை என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

"நானோ", "பயோ" என்று பெயர் வைத்த கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கட்டவும் வேண்டாம். சாதாரண எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி போதும். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு க்யூட் பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், இல்லையென்றால் சிதம்பரம் அண்ணாமலை. எங்கே சேர்ந்தாலும், மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் கருவியில் அவள் கை பழக வேண்டும், அதுதான் முக்கியம். புராஜெக்டுக்குக் காரைக்குடி செக்ரியில் கேட்டுப் பார்க்கலாம், மின்வேதியியலுக்கென்றே இருக்கும் இடம். இந்தக் கைப்பழக்கம் பேட்டரிக்கும் ஆகும், துருத்தடுப்புக்கும் ஆகும், சென்சார் கைகொடுக்காவிட்டாலும் சோறு போடும். சிப்காட்டில் க்யூ.சி. (தரப் பரிசோதனை) லேப் வேலையும் எம்.எஸ்சி.க்குப் பிறகு தேடலாமே, மூடவா போகிறார்கள்?

அப்புறம் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிக்க 28 வயது ஆகிவிடுமே என்பீர்கள். ஆகும்தான், அதை அவளிடம் மறைக்காமல் பேசுங்கள்.

சரி, அடுத்த வாரம் வாருங்கள். மார்க் ஷீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்கள் தனியாக வர வேண்டாம், அவளையும் கூட்டி வாருங்கள்.