கோப்பைக் காட்டணுமா, படிக்கணுமா? – கேள்வி பதில்

இந்த வாரக் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. நிரல் ஒரு கோப்பைத் திறக்கணும் என்றால், அதை ஆள் பார்க்கவா, இல்லை உள்ளே இருக்கும் எண்களை நிரலே எடுத்துக்கொள்ளவா? இரண்டுக்கும் வழி வேறு.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு சி ஷார்ப்பில் பில் மென்பொருள் எழுதினேன். பட்டனைத் தட்டினால் வேர்டு பில் திறக்கும். நிரல் ஓடும் தளத்தை டாட்நெட் 8-க்கு மாற்றியதும் எரர் வருகிறது.

வேர்டு கோப்பு தானாக ஓடும் நிரல் இல்லை. அதை எதில் திறப்பது என்பது விண்டோஸ் ஷெல்லுக்குத்தான், அதாவது நாம் ஐகானைத் தட்டினால் கோப்பைத் திறந்துவிடும் பகுதிக்குத்தான் தெரியும். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் ‘யூஸ் ஷெல் எக்ஸிகியூட்’ (ஷெல் வழியாகத் திற என்னும் அமைப்பு) சொல்லாமலே ட்ரூவாக இருக்கும். டாட்நெட் 8-க்கு முன்னோடியான டாட்நெட் கோர் வந்தபோது அதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டார்கள். நீங்களே ட்ரூ என்று எழுதிவிடுங்கள், சரியாகிவிடும். வேர்டு இருக்கும் ஃபோல்டரின் பாதையை நிரலில் எழுதவே வேண்டாம். பட்டறையில் லிப்ரெ ஆபீஸ் மட்டும் இருந்தால் பில் அதில் திறந்துகொள்ளும்.

சார், ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸில் இருக்கிறேன். பழம் பறித்த கிலோவும் கூலியும் எக்ஸெலில். பைத்தானில் ஓப்பன்பைஎக்ஸெல் என்ற நூலகத்தை (எக்ஸெல் கோப்பைப் படிக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) வைத்துப் படித்தால் கூலி மொத்தத்துக்குப் பதில் ஃபார்முலா வருகிறது. விடையை மட்டும் கேட்கும் ‘டேட்டா ஒன்லி’ போட்டால் ‘நன்’ (ஒன்றுமில்லை) என்று வருகிறது.

கோப்பை ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ஷீட்டுக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். கூலிக் கட்டத்தைத் தேடினால், ‘எஃப்’ குறிக்குள் ஃபார்முலா, ‘வி’ குறிக்குள் எக்ஸெல் கடைசியாகக் கணக்கிட்ட விடை. ‘டேட்டா ஒன்லி’ அந்த விடையைத்தான் எடுக்கும். ஓப்பன்பைஎக்ஸெல் கணக்குப் போடாது. உங்கள் கோப்பை ஏதோ ஒரு நிரல் எழுதிச் சேமித்திருக்கிறது, அதற்கப்புறம் யாரும் எக்ஸெலில் திறந்து சேமிக்கவில்லை. அதனால் ‘வி’ காலி.

ஒருமுறை எக்ஸெலில் திறந்து சேமித்தால் விடை வந்துவிடும். என்னைக் கேட்டால், கிலோவும் கூலி விகிதமும் கையில் இருக்கும்போது பைத்தானிலேயே பெருக்கிவிடுவது நல்லது. ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: ‘டேட்டா ஒன்லி’யில் திறந்த கோப்பை அதே பெயரில் சேமித்துவிடாதீர்கள். ஃபார்முலா எல்லாம் அழிந்துபோகும். ஒரு சீசன் கூலிக் கணக்கு அப்படிப் போய், மூன்று ராத்திரி உட்கார்ந்து திரும்ப எழுதியிருக்கிறேன்.

ஆத்தூர் ஜவ்வரிசி மில்லின் 2005 கணக்கு பழைய எக்ஸெலின் எக்ஸ்எல்எஸ் கோப்பில் இருக்கிறது. கடைசியில் ஒரு எக்ஸ் சேர்த்தும் பைத்தான் திறக்கவில்லை.

பெயர்தான் மாறியது, உள்ளிருப்பது பழைய பைனரிதான். ஆபீஸ் 2007-ல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம்தான் ஜிப். பழைய பெயரையே வைத்து எக்ஸ்எல்ஆர்டி நூலகத்தில் படியுங்கள். கணக்கு சரியாக 65,536-வது வரியில் முடிந்தால், மிச்சம் வேறு ஷீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு அவ்வளவுதான் இடம்.

காலேஜ் புராஜெக்ட் சார். நிரல் எக்ஸெலை மறைவாகத் திறந்து மார்க் எடுக்கிறது. சாயங்காலத்துக்குள் டாஸ்க் மேனேஜரில் பத்து எக்ஸெல் நிற்கிறது.

தம்பி, மார்க்கைப் படிக்க மட்டும்தானே? எக்ஸெலே வேண்டாம், நூலகம் போதும். சர்வரில் ஆபீஸை இப்படி ஓட்ட வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. கட்டாயம் எக்ஸெல்தான் என்றால், ஒர்க்புக்கை மூடு, ‘குவிட்’ சொல்லு, பிடித்து வைத்த ஆப்ஜெக்ட்டை எல்லாம் விட்டுவிடு. நடுவில் எரர் வந்தாலும் இது நடக்கும்படி, எப்படியும் ஓடும் ‘ஃபைனலி’ பகுதிக்குள் எழுது. எச்சரிக்கைப் பெட்டிகளைக் காட்டும் ‘டிஸ்ப்ளே அலர்ட்ஸ்’ ஃபால்ஸாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘சேமிக்கவா?’ என்று ஒரு பெட்டி, யாருக்கும் தெரியாத திரையில், பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்கும்.